தாடை வலிக்குக் கையால் செய்யும் பிசியோதெரபி இருக்கிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகி, காதோரம் வலி, கொட்டாவி விட முடியவில்லை, தோசையைக்கூடப் பிய்த்துப் பிய்த்துத்தான் வாயில் போட்டுக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார். வலி மாத்திரை, இரவில் பல்லுக்குக் கழற்றி மாட்டும் உறை, அதிலும் சரிவராவிட்டால் பல்லைக் கொஞ்சம் ராவிக் கடியை, அதாவது மேல்பல்லும் கீழ்ப்பல்லும் சேரும் விதத்தை, சரிசெய்யலாம் என்று பதில் வந்திருந்தது. பிசியோதெரபி என்ற பேச்சே அதில் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

போன வருஷம் எனக்கும் இதே கதைதான். பள்ளியில் தமிழ் எடுப்பவள் நான், வாய்தான் பிழைப்பு. ரொம்ப நாளாக வலப்பக்கத் தாடையில் 'டொக்'கென்று சத்தம் வரும், வலி கிடையாது. ஒருநாள் காலையில் சத்தம் நின்றுவிட்டது. வாயும் பாதிக்கு மேல் திறக்கவில்லை. காது வலி என்று போன இடத்தில் சொட்டு மருந்து. பல் டாக்டரிடம் எக்ஸ்ரே, மாத்திரை, உறை. இரண்டு மாதம் இட்லியைப் பாலில் ஊறவைத்துத் தின்றேன். உடன் வேலை பார்க்கும் டீச்சரின் மகள்தான், "இதுவும் முழங்கால் மாதிரி ஒரு மூட்டுதானே ஆன்ட்டி, எங்க சீனியர்கிட்ட காட்டுங்க" என்று அனுப்பிவைத்தாள்.

அந்த சீனியர் ஒரு பிசியோதெரபிஸ்ட். அவர் என் மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வாய்க்குள் விடச் சொன்னார். ஒன்றரை விரல்தான் போயிற்று. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் 22 மில்லிமீட்டர். பெரியவர்களுக்கு 40க்குக் குறையக்கூடாதாம். பிறகு சுண்டுவிரலைக் காதுத் துளையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்து மூடச் சொன்னார். மூட்டு நகர்வது விரலில் தட்டியது. காது வலிக்கு அலைந்த அலைச்சலுக்குக் காரணம் அங்கேயே தெரிந்துபோனது.

வாய் திறப்பதில் இரண்டு கட்டம் உண்டாம். முதல் 20, 25 மில்லிமீட்டர் வரை தாடை எலும்பின் குமிழ் இருந்த இடத்திலேயே சுழலும். அதற்கு மேல் திறக்க அது முன்னால் வழுக்கி வரவேண்டும். நடுவே மெத்தை போல ஒரு சிறு தட்டு இருக்கிறது. எனக்கு அது முன்பக்கம் நழுவிப்போய் வழியை மறித்து நின்றிருக்கிறது. 22இல் நின்றது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

சிகிச்சையில் மிஷின் எதுவும் இல்லை. கையுறை போட்ட கட்டைவிரலை என் கீழ்க் கடைவாய்ப் பல்மேல் வைத்தார், மற்ற விரல்கள் மோவாய்க்கு அடியில். மெதுவாகக் கீழே அழுத்தி, சற்று முன்னால் இழுத்து, சில விநாடி பிடித்து விட்டார். மறுபடி, மறுபடி. வெடுக்கென்று ஒரு இழுப்பும் இல்லை. அடுத்து கன்னத்தை உள்ளே ஒரு விரல், வெளியே ஒரு விரலாகப் பிடித்து அழுத்தியபோது கண்ணில் நீர் வந்துவிட்டது, பொய் சொல்லமாட்டேன். பல்வலி என்று நான் நினைத்திருந்த அதே வலி அந்தத் தசையிலிருந்து கிளம்பியது. எழுந்தபோது ஸ்கேலில் 27.

வீட்டுக்குப் பயிற்சியும் தந்தார். வாய் சும்மா இருக்கும்போது பல்லோடு பல் ஒட்டக்கூடாது. நாக்கு நுனி 'ன' சொல்லும் இடத்தில் இருக்கவேண்டும். "தந்நகரமா, றன்னகரமா?" என்று கேட்டேன், தொழில் புத்தி. சொல்லிப் பார்த்தோம். 'ந' பல்லை இடிக்கிறது, றன்னகரம்தான். ஆறு வாரத்தில் 39. சத்தம் இப்போதும் எப்போதாவது வரும். வலியில்லாத சத்தத்தை விட்டுவிடலாம் என்றார்.

இது என் ஒருத்தி அனுபவம் மட்டுமல்ல. நாள்பட்ட தாடை மூட்டு வலிக்காக 2023இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டி, கையால் மூட்டை அசைப்பதையும் தசை முடிச்சை அழுத்தித் தளர்த்துவதையும் மேற்பார்வையில் செய்யும் தாடைப் பயிற்சியையும் உறுதியாகப் பரிந்துரைக்கிறது. கழற்றி மாட்டும் பல் உறைக்கு அந்த ஆதரவு இல்லை. பல்லையோ கடியையோ நிரந்தரமாக மாற்றும் சிகிச்சையைத் தவிர்க்கும்படி அமெரிக்க அரசின் பல் ஆராய்ச்சி நிறுவனமும் சொல்கிறது. ராவிய பல் திரும்ப வளராது.

வாய் திறக்க முடியாத எல்லாத் தொல்லையும் இதுவல்ல என்பதையும் சொல்லவேண்டும். பாக்கு, பான் மசாலா போடுகிறவர்களுக்கு வாயின் உட்தோல் நாராக இறுகித் திறப்பு குறையும்; புற்றுநோயாக மாறக்கூடிய அதற்கு முதலில் பல் டாக்டர்தான். காய்ச்சல், வீக்கம், அடிபட்டது என்றாலும் அப்படியே. ஆனால் மூட்டும் தசையும்தான் காரணம் என்று தெரிந்த பிறகும் பிசியோதெரபிக்கு டாக்டர்கள் ஏன் அனுப்பமாட்டேன் என்கிறார்கள்? முழங்காலுக்கும் கழுத்துக்கும் உடனே சீட்டு எழுதுகிறவர்கள்தானே?

அந்த வாசகி உங்கள் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு பல் ராவக் கிளம்பியிருக்கக்கூடும். அடுத்த இதழில் அவருக்காக இரண்டு வரி சேர்த்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
கும்பகோணம்