செயலாளர் ஆண்டறிக்கை: சிரிக்க வைத்த மது அட்டைகள்

தலைவர் அவர்களே, செயற்குழுத் தோழமைகளே, உறுப்பினர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். இந்த ஆண்டின் பெரிய வேலை, தன்பாலீர்ப்பு, இருபாலீர்ப்புப் பெண்களுக்கான மது விழிப்புணர்வு அட்டைகள். அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

ஊரில் ஒட்டுகிற மதுவிலக்குச் சுவரொட்டிகளில் குடிப்பவன் கணவன், அழுபவள் மனைவி. குடிக்கிற பெண் வந்தால் கேலிக்குத்தான் வருவாள். வெளிநாட்டு ஆய்வுகள் பலவற்றில் பால்புதுமைப் பெண்கள், அதிலும் இருபாலீர்ப்புப் பெண்கள், மற்றப் பெண்களைவிட அதிகம் குடிப்பது தெரிகிறது. மறைந்து வாழும் அழுத்தம் அதற்கு ஒரு முக்கியக் காரணம். அப்படிப்பட்டவளை வெட்கப்பட வைத்தால் அவள் குடியை விடமாட்டாள், மறைத்துக் குடிப்பாள். அதனால் தள்ளாடும் பெண் படம் வேண்டாம் என்று முதலிலேயே முடிவானது. நாம் சொல்லிக்கொள்ளும் சால்ஜாப்பும், ‘இன்னும் ஒண்ணு’ என்று ஊற்றும் கையும்தான் கிண்டலுக்கு உரியவை.

முதல் அட்டை ‘கட்டிங்’. 180 மில்லி குவார்ட்டரில் பாதி, 90 மில்லி. 42.8 சதச் சரக்கு என்றால் அதில் சுமார் 30 கிராம் ஆல்கஹால். 10 கிராம் ஓர் அலகு என்ற கணக்கில் 3 அலகு. வாசகம்: “கட்டிங் பண்ணா குறையறது முடி மட்டும்தான்.” பாய்கட் வைத்த பெண் கண்ணாடி முன் உட்கார்ந்திருப்பாள். “பின்னல் போட்ட நாங்க எங்கே?” என்று கேள்வி வந்தது. நியாயம்தானே, பின்னல்காரியின் கையில் கத்தரிக்கோலைக் கொடுத்துப் பக்கத்தில் நிறுத்தினோம்.

அடுத்த பிழை நம்முடையது. அலகுக் கணக்கைக் கீழே பொடி எழுத்தில் போட்டிருந்தோம். ஜோக்கைத் திருப்பிச் சொன்னவர்களுக்கு 3 என்ற எண் நினைவில் இல்லை. இப்போது கண்ணாடி மேஜை மேலேயே 3 டம்ளர் இருக்கின்றன. மூன்றும் காலி: நிரம்பிய டம்ளரின் படம் குடியை விட்டவருக்கு ஆசையைக் கிளப்பிவிடும்.

முன்சோதனை இப்படி: அட்டையை 10 விநாடி காட்டி மூடிவிட வேண்டும். பிறகு இரண்டே கேள்வி. “யாரைப் பார்த்துச் சிரிச்சீங்க?” “என்ன தெரிஞ்சுது?” முதல் கேள்விக்கு “அந்தப் பொண்ணை” என்று பதில் வந்தால் அட்டை குப்பைக்கு. குடிப்பவர், விட்டவர், தொடாதவர் மூவரிடமும் கேட்க வேண்டும்.

‘ரூம்மேட்’ அட்டைக்குத்தான் அதிகச் சிரிப்பு: “வீட்ல ரூம்மேட்னு சொன்னா நம்பிடுவாங்க. ஈரல்கிட்ட ‘ஒரு கட்டிங்தான்’னு சொன்னா நம்பாது.” ஆனால் இதைப் படமாக வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது. ஃபார்வர்ட் ஆகிக் குடும்பக் குரூப்பில் விழுந்தால் ஒருத்தியின் ரகசியம் போய்விடும். கூட்டத்தில் கையில் காட்டுவதற்கு மட்டுமே. கட்டிங் அட்டையில் நம் அடையாளமான வானவில் கிடையாது. வெளியாருக்கு அது முடிவெட்டும் ஜோக், நம்மவர்க்கு அதோடு ஒரு கண்சிமிட்டல்.

‘குடி குடியைக் கெடுக்கும்’ என்ற பழைய வாசகத்துக்கு ஒரு தோழி “எங்களைத்தான் குடியிலேயே சேர்க்கலையே!” என்றார். அரங்கம் அதிர்ந்தது, தகவல்தான் ஒன்றும் இல்லை. “நாம சேர்த்துக்கிட்ட குடியையும் கெடுக்கும்” என்று முடித்து, பின்பக்கத்தில் அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் 14416 எண்ணைப் போட்டோம். கட்டணமில்லை, 24 மணி நேரமும் கிடைக்கும்.

இரண்டு விஷயத்துக்கு ஜோக்கே வைக்கவில்லை. ஒன்று, கொஞ்சம் குடித்தாலும் மார்பகப் புற்று அபாயம் கூடும் என்பது. மற்றது, தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென நிறுத்துவது. சில மணி நேரத்தில் கைநடுக்கம், வியர்வை. இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். அதன்பின் மனக்குழப்பமும் வரலாம், உயிருக்கே ஆபத்து. ‘நாளையிலிருந்து ஸ்டாப்’ என்ற வேடிக்கை வரைவை இதனால்தான் நீக்கினோம். அங்கே “மருத்துவரைப் பார்த்து நிறுத்துங்கள்” என்ற வரி மட்டும் உண்டு.

வரும் ஆண்டில் ஸ்ட்ராங் பீர் அட்டை வர வேண்டும். 650 மில்லி பாட்டில், 8 சதம் என்றால் 41 கிராம் ஆல்கஹால். கட்டிங்கைவிட ஓர் அலகு அதிகம். ‘பீர்தானே’ என்பதற்குத் தக்க ஜோக் இன்னும் அமையவில்லை. தோன்றியவர்கள் துண்டுச்சீட்டில் எழுதி இன்றே என்னிடம் கொடுக்கலாம்.