'உறவு' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

இரண்டு வாரங்களுக்கு முன் ஞாயிறு இணைப்பில் செட்டிநாட்டுப் பயணம் பற்றிய கட்டுரை வந்திருந்தது. குடும்பத்தோடு போய்வர ஏற்ற இடம் என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். பொங்கல் முடிந்த மறுவாரம் நானும் அப்படித்தான் போய்வந்தேன். போனது நாங்கள் இரண்டு பேர். இருவரும் பெண்கள், அறுபதைத் தாண்டியவர்கள், இரத்த உறவு இல்லாதவர்கள். அதனால் எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நாங்கள் இருவரும் அரசு மருத்துவமனையில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர்கள். 1987-ல் பிரசவ வார்டில் எனக்கு முதல் இரவுப் பணி. விடிந்ததும் கை கால் நடுங்க உட்கார்ந்திருந்தபோது, என்னைவிட நான்கு வயது மூத்தவர் ஒருவர் தூக்குச்சட்டியைத் திறந்து வெள்ளைப் பணியாரத்தையும் காரச் சட்டினியையும் எடுத்து வைத்தார். அன்றிலிருந்து அவர் எனக்கு அக்கா. ஓர் ஆழாக்குப் பச்சரிசியைத் தலை தட்டி அளந்து, அதன்மேல் கோபுரமாக உளுந்தை வைத்தால் அதுதான் பணியாரத்துக்குக் கணக்கு என்று சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். என் கணவர் இறந்தபோது பதினாறு நாளும் விடுப்பு எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டிலேயே இருந்தார். என் மகன் அவரைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுகிறான். அவர் மகளுக்கு நான் சித்தி. அவள் கல்யாணத்தில் மூன்று பந்தியையும் நின்று கவனித்தவள் நான்.

அக்கா பிறந்த ஊர் செட்டிநாட்டுப் பள்ளத்தூர். அவருடைய அம்மா அங்கே ஒரு செட்டியார் வீட்டில் சமையல் வேலை பார்த்தவர். அக்கா ஊரைவிட்டு வந்து நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. "ஒரு தடவை அந்த வீட்டுக்குள்ள உன்னைக் கூட்டிட்டுப் போகணும் ஆத்தா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வேலை, பிள்ளைகள், அப்புறம் பேரப்பிள்ளைகள் என்று தள்ளிக்கொண்டே போனது. இந்த வருடம் இருவருமாகத் துணிந்து கிளம்பிவிட்டோம்.

திருச்சியிலிருந்து காலை பஸ். வழியில் திருமயத்தில் இறங்கினோம். 1687-ல் சேதுபதி கட்டிய கோட்டை அது. அக்காவுக்கு முழங்கால் வலி, மலை ஏற முடியாது. ஒரே பாறையில் சிவனுக்கு ஒரு குகை, பள்ளிகொண்ட பெருமாளுக்கு ஒரு குகை; அவர் பெருமாள் சன்னதியில் உட்கார்ந்துகொண்டார். நான் மட்டும் பீரங்கி இருக்கும் உச்சிவரை ஏறிவிட்டு வந்தேன். மேலே என்னவெல்லாம் தெரிந்தது என்று காரைக்குடி வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தார்.

காரைக்குடியில் போனிலேயே அறை சொல்லி வைத்திருந்தோம். விடுதியின் பெயர் வேண்டாம். ஆதார் அட்டைகளைக் கொடுத்தோம். அங்கிருந்த இளைஞர் பதிவேட்டில் எழுதிக்கொண்டே வந்து ஒரு கட்டத்தில் நிறுத்தினார். "உறவுன்னு போட்டிருக்கே, நீங்க ரெண்டு பேரும் என்ன முறை?" என்றார். தோழிகள் என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். குடும்பமாக வந்தால்தான் அறையாம், தனியாக வரும் பெண்களுக்குக் கொடுப்பதில்லையாம். அக்கா என் காதருகே வந்து, "அக்கா தங்கச்சின்னு சொல்லிருவோமே" என்றார். சரி, அதையும் சொல்லிப் பார்த்தோம். அதற்கு அவர், "அப்படின்னா உங்க மகன்கிட்ட போன் போட்டுக் கொடுங்க, அவர் ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்றார்.

இதை எழுதும்போதுகூட எனக்கு நெஞ்சு அடைக்கிறது. முப்பது வருடத்துக்கு மேல் வார்டில் நின்றவர்கள் நாங்கள். நள்ளிரவில் மருத்துவர் வந்து சேருவதற்குள் தாயையும் பிள்ளையையும் பிழைக்க வைத்த கைகள் அக்காவுடையவை. அவர் ஒரு அறையில் படுத்துத் தூங்குவதற்கு, அவர் தூக்கி வளர்த்த பையன் அனுமதி சொல்ல வேண்டுமா? நான் போன் போடவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டோம். மணி ஏழரை. அக்கா ஒன்றும் பேசாமல் நொண்டிக்கொண்டே நடந்தார். அந்த அரைமணி நேரம்தான் எங்கள் பயணத்தில் மறக்க வேண்டியது, ஆனால் மறக்க முடியவில்லை.

பஸ் நிலையத்துப் பக்கம் இன்னொரு விடுதி. முதலாளியின் மனைவி உட்கார்ந்திருந்தார். அட்டைகளை வாங்கிப் பிரதி எடுத்துக்கொண்டார். அக்காவின் நடையைப் பார்த்துவிட்டு, "கீழேயே ஒரு ரூம் இருக்கு, மாடி ஏற வேண்டாம்" என்றார். அவர் எங்களிடம் வேறு எதுவும் கேட்கவில்லை.

ஆக, இது சட்டம் கேட்கும் கேள்வி அல்ல. அடையாள அட்டை கேட்கட்டும், அது சரிதான். மணமாகாத ஆணும் பெண்ணும் விடுதி அறையில் தங்குவதைத் தடுக்கும் சட்டம் எதுவும் இல்லை என்று சென்னை உயர் நீதிமன்றமே 2019-ல் கோயம்புத்தூர் விடுதி வழக்கு ஒன்றில் சொல்லியிருக்கிறது. அப்படியிருக்க, இரண்டு பாட்டிகள் சேர்ந்து தங்குவதை எந்த விதி தடுக்கிறது?

மறுநாள் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி. அதற்கு அடுத்த நாள்தான் பள்ளத்தூர்.

அந்த வீட்டின் முகப்புக் கதவு சாத்தியிருந்தது. பக்கத்து வாசல் வழியாகக் கூப்பிட்டோம். எண்பது வயதுக்கு மேல் இருக்கும் ஓர் ஆச்சி வந்தார். பங்காளிகள் எல்லாரும் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்க, அவ்வளவு பெரிய வீட்டில் அவரும் ஒரு வேலைக்காரப் பெண்ணும் மட்டும் இருக்கிறார்கள். அக்கா தன் அம்மா பெயரைச் சொன்னார். ஆச்சி கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "கந்தரப்பம் கேட்டு அழுவியே, அவளா நீ?" என்றார். அக்கா அழுதுவிட்டார்.

பிறகு ஆச்சி என்னைப் பார்த்து, "இது யாரு?" என்று கேட்டார். "என் தங்கச்சி" என்றார் அக்கா. தன் வீட்டில் சமைத்தவருக்கு ஒரே மகள்தான் என்பது ஆச்சிக்கு நன்றாகத் தெரியும். என்னை ஒரு முறை மேலும் கீழும் பார்த்தார். "சரி, ரெண்டு பேரும் உள்ள வாங்க, வெயில்ல நிக்காதீங்க" என்றார்.

வளவில் எங்களை உட்காரவைத்தார். நடுவில் வானம் தெரியும் முற்றம், நாலு பக்கமும் பர்மா தேக்குத் தூண்கள், சுற்றிலும் பூட்டிய அறைகள். கல்யாணமான ஒவ்வொரு மகனுக்கும் ஓர் அறை என்றும், ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி என்றும், வேறு வைத்த பிறகு, அதாவது தனிக்குடித்தனம் வைத்த பிறகு, அவரவர் சமையல் தனி என்றும் அக்கா எனக்குச் சொன்னார். விசேஷம் வந்தால் எல்லாப் புள்ளிக்கும் ஒரே அடுப்பு. அன்றைக்கு அவர் அம்மா வீடு திரும்ப நள்ளிரவாகும். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்துப் பூசிய சுவரில் என் கையைப் பிடித்து வைத்து, "எப்படிக் குளுகுளுன்னு இருக்கு பாரு" என்றார். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அந்தச் சுவரில் கன்னத்தை வைத்துக்கொண்டு நிற்பாராம். அடுப்படிக்குள் மட்டும் அவர் தனியாகப் போய்விட்டு வந்தார். நான் பின்னால் போகவில்லை.

ஆச்சி பேச்சோடு பேச்சாகத் தன் மகனைப் பற்றிச் சொன்னார். அவன் அவர் வயிற்றில் பிறந்தவன் இல்லை. பிள்ளை இல்லாத வீட்டில் பிள்ளை கூட்டிக்கொள்வது, அதாவது தத்து எடுப்பது, நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார்களின் வழக்கம். நகரத்தார் ஒன்பது நகரக் கோயில்களாகப் பிரிந்தவர்கள்; அதில் தங்கள் கோயிலைச் சேர்ந்த பங்காளி வீட்டிலிருந்து ஒரு பையனைக் கேட்டு வாங்கி, சடங்கு செய்து, அன்று முதல் தன் மகன் என்று வைத்துக்கொள்வார்கள். "கூட்டிக்கிட்ட பிள்ளைன்னு இதுவரைக்கும் எனக்குத் தோணினதே இல்லை" என்றார் ஆச்சி. உறவை இப்படி மனதார ஏற்படுத்திக்கொள்ளத் தெரிந்த மண்ணில்தான் அந்த விடுதியும் இருக்கிறது என்பது எனக்குத் தாங்கவில்லை.

2014-லேயே செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள், நல்லதுதான். ஆனால் எங்களைப் போன்றவர்களும் வருகிறோம். கணவர் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகளுக்கு வேலை. கையில் கொஞ்சம் ஓய்வூதியம் இருக்கிறது, கூட வர ஒரு தோழி இருக்கிறார். மாவட்டச் சுற்றுலாத் துறை காரைக்குடி விடுதிகளை அழைத்துப் பேச வேண்டும். வயது வந்தவர்களுக்கு அடையாள அட்டை போதும் என்று ஒவ்வொரு விடுதியின் முன்மேசையிலும் எழுதி வைக்கச் சொல்ல வேண்டும். தாங்களும் அடுத்த முறை பயணக் கட்டுரை வெளியிடும்போது, பெண்கள் தனியாகவோ தோழியோடோ போனால் எங்கே தங்கலாம் என்று இரண்டு வரி சேர்த்தால் பலருக்கு உதவும்.

கிளம்பும்போது ஆச்சி, ஆடி மாதம் கும்மாயம் கிண்டும்போது வரச் சொன்னார். போகப்போகிறோம். அந்த இரண்டாவது விடுதியில் கீழ்த்தள அறையை இப்போதே சொல்லி வைத்துவிட்டோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
திருச்சி