குடியுரிமை வாக்கியத்தை எழுதியவர் யார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

அமெரிக்காவின் பிறப்புவழிக் குடியுரிமை பற்றிய தங்கள் தலையங்கம், அந்நாட்டு அரசமைப்பின் 14-ஆவது திருத்தத்தின் முதல் பிரிவு முழுவதையும் ஓஹையோ வழக்கறிஞர் ஜான் பிங்காம் எழுதியதாகச் சொல்கிறது. உரிய சட்ட நடைமுறை, சட்டங்களின் சமமான பாதுகாப்பு ஆகிய தொடர்களை அதில் சேர்த்தவர் அவரே. பின்னது நம் அரசமைப்பின் 14-ஆவது பிரிவிலும் இடம்பெற்றது. ஆனால், அமெரிக்காவில் பிறந்து அதன் ஆட்சிவரம்புக்கு உட்பட்ட எல்லோரும் குடிமக்கள் என்னும் குடியுரிமை வாக்கியம் அவர் வரைவில் இல்லை. 1866 மே மாதம் செனட்டில் அதைச் சேர்த்தவர், மிச்சிகன் மாநிலத் தலைமை வழக்கறிஞராக இருந்து செனட்டரான ஜேக்கப் ஹோவர்ட்.

இது பெயர்க் குழப்பம் மட்டுமல்ல. ‘அதன் ஆட்சிவரம்புக்கு உட்பட்ட’ என்ற தொடருக்குப் பொருள் தேடுவோர் ஹோவர்டின் செனட் உரையைத்தான் படிக்க வேண்டும். சட்ட மாணவர்களின் பாடக்குறிப்புகளிலும் இப்பிழை தொடர்கிறது. பிங்காமின் 1866 பிப்ரவரி வரைவையும் 1868-இல் நடைமுறைக்கு வந்த வடிவத்தையும் அருகருகே தமிழில் வெளியிடுங்கள்.

- சட்ட ஆசிரியர் ஒருவர், மதுரை