விற்கப்படுவது உடும்பு அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற செவ்வாய்க்கிழமை மேலப்பாளையம் சந்தைக்குப் போகும் சாலையோரத்தில் ஒருவர் தார்ப்பாய் விரித்து, அடுப்பில் வாணலியை ஏற்றி, மூட்டுவலிக்கும் ஆண்மைக்குறைவுக்கும் கைகண்ட மருந்து என்று கூவி ‘உடும்புத் தைலம்’ விற்றுக்கொண்டிருந்தார். அவர் முன்னே கிடந்த நான்கு உயிர்களில் ஒன்றுகூட உடும்பு அன்று என்பதை நெல்லைச் சீமை மக்களுக்குத் தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

உடும்பின் வால் சாட்டைபோல நீண்டு ஒடுங்கும். நாக்கு பாம்பினுடையதைப் போலப் பிளந்திருக்கும். நான் குனிந்து பார்த்தவற்றுக்கோ மொண்ணை முகம். தடித்த வாலில் வளையம் வளையமாக முள். வடநாட்டில் ‘சாண்டா’ எனப்படும் முள்வால் பல்லி அது. ஓணான் குடும்பத்தைச் சேர்ந்தது. ராஜஸ்தானின் தார்ப் பாலைவனத்திலும் குஜராத்தின் கட்ச் பகுதியிலும் வளை தோண்டி வாழ்ந்து, பெரும்பாலும் புல்லும் இலையும் பூவும் தின்று, பொழுது சாய்ந்ததும் வளையின் வாயை மண்ணால் அடைத்துக்கொண்டு உள்ளே முடங்கிவிடும் சாதுவான பிராணி.

முன்கால்களால் அவை தார்ப்பாயைப் பிறாண்டின. பின்னுடல் அசையவே இல்லை. கட்டிப்போட்டிருக்கிறார் என்றே முதலில் நினைத்தேன். கயிறு எதுவும் இல்லை. ஓடிவிடாதிருக்க முதுகெலும்பை முறித்து, விற்கும்வரை உயிரோடு வைத்திருப்பது இந்த வணிகத்தின் வழக்கம் என்று படித்திருந்தேன். அன்றுதான் கண்ணால் கண்டேன்.

வாணலியில் உருகுவது வெறும் கொழுப்பு. மற்ற விலங்குகளின் கொழுப்பில் உள்ள கொழுப்பு அமிலங்களே அதிலும் உள்ளன. மூட்டில் நீவிவிடுவதால் கிடைக்கும் இதம் நம் வீட்டு நல்லெண்ணெயிலும் கிடைக்கும். இந்தக் கொழுப்புக்காக வேட்டையாடப்படுவதும் ஒரு காரணமாக இவ்வினம் அழியும் வாய்ப்புள்ளவற்றின் பட்டியலில் சேர்ந்திருக்கிறது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சாண்டாவையும் காக்கிறது, உடும்பையும் காக்கிறது. ஆகவே எந்தப் பெயரைச் சொல்லி விற்றாலும் குற்றமே. வனத்துறையினர் சந்தை நாட்களிலும் திருவிழாக் காலங்களிலும் இத்தகைய கடைகளைச் சோதனையிட வேண்டும்.

முழங்கால் வலியோடு வந்திருந்த பெரியவர் ஒருவர் பணத்தை எடுத்தபடியே, “அண்ணாச்சி, இது நம்ம பொத்தையில கெடக்குற உடும்புதானே?” என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன், அவர் நம்பவில்லை. காட்டுவதற்கு என்னிடம் படம் எதுவும் இல்லை. ஆகவே உடும்பின் படத்தையும் முள்வால் பல்லியின் படத்தையும் அருகருகே ஒருநாள் தங்கள் இதழில் வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
பாளையங்கோட்டை.