நூலகத்தைப் பொறுப்பெடுக்கும் முன்

அன்புள்ள சிவநேசன்,

நலம், நலமறிய ஆவல். மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது மிகுந்த சந்தோசம். என் வாழ்த்தை அவளிடம் சொல்லும்.

இங்கிலாந்தில் உங்கள் ஊர்க் கிளை நூலகத்தை இனித் தொண்டர்களே நடத்த வேண்டும் என்று கவுன்டி கவுன்சில் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தீர். வருடத்துக்கு வருடம் குறைந்து மூன்றாம் வருடத்தோடு நின்றுபோகும் மானியம் காணுமா என்றும் கேட்டிருந்தீர். காணாது. ஆனாலும் தொகையைக் கூட்டச் சொல்லி இப்போதே வாதாட வேண்டாம். காசாக வருவதைவிட, கவுன்சில் தன் கையில் என்னென்ன பொறுப்பை வைத்துக்கொள்கிறது என்பதுதான் நாலாம் வருடமும் கதவு திறந்திருக்குமா என்பதைத் தீர்மானிக்கும்.

முதலில் கேட்க வேண்டியது, நூலகம் சட்டப்படியான சேவைக்குள் இருக்குமா, வெளியே போகுமா என்பது. 1964-ம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின் 7-ம் பிரிவு, முழுமையும் திறமையும் உள்ள நூலக சேவையைத் தரும் கடமையைக் கவுன்சிலின் தலையில் வைக்கிறது. ஆனால் எத்தனை கிளை, எத்தனை மணி நேரம் என்று அது சொல்லவில்லை. அதனால்தான் சில தொண்டர் நூலகங்கள் கவுன்சிலின் வலையமைப்புக்குள்ளேயே இருக்கின்றன, சில தனியே விடப்படுகின்றன. உள்ளே இருந்தால் வாசகரின் பழைய அட்டை தொடர்ந்து வேலை செய்யும், மற்றக் கிளைகளில் உள்ள புத்தகத்தை முன்பதிவு செய்யலாம், கணினிப் பட்டியலும் புதுப் புத்தகங்களும் கவுன்சில் செலவில் வரும். தமிழ்ப் புத்தகம் கேட்டு வருகிற அம்மாவுக்கு அது வேறு கிளையிலிருந்துதான் வர வேண்டியிருக்கும். வலையமைப்பு இல்லாவிட்டால் அந்த வழி அடைபட்டுவிடும். எழுத்தாளருக்கு இரவல் கணக்கில் போகும் பி.எல்.ஆர். கொடுப்பனவும் சட்டப்படியான நூலகங்களுக்குத்தான். வெளியே போனால் நன்கொடைப் புத்தகங்களோடு ஒரு வாசிப்பு அறை மிஞ்சும். அதுவும் நல்ல விஷயம்தான், ஆனால் நீங்கள் பாடுபடுவது அதற்காக அல்லவே.

ஆகவே ஒப்பந்தத்தில் "ஆதரவு வழங்கப்படும்" என்று பொதுவாக எழுதியிருந்தால் கையெழுத்துப் போட வேண்டாம். புதுப் புத்தகம் வருடத்துக்கு எத்தனை, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றித் தருவார்கள், இணைய இணைப்புக்கும் பொதுக் கணினிகளுக்கும் யார் கட்டுவது, சம்பளம் பெறும் நூலகர் கிழமைக்கு எத்தனை மணி நேரம் வந்து நிற்பார், இவை இலக்கமாக எழுதப்பட வேண்டும். எழுதாத ஆதரவு அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் சத்தமில்லாமல் போய்விடும்.

இனிக் கட்டடம். தொண்டர் குழுக்களின் முதுகை முறிப்பது பெரும்பாலும் இதுதான். அறுபதுகளில் கட்டிய கிளைகளில் தட்டைக் கூரையும் பழைய பொயிலரும் சாதாரணம். முழுப் பராமரிப்பும் உங்கள் பொறுப்பு என்ற குத்தகையைத்தான் அதிகாரி முதலில் நீட்டுவார். உள்பக்கம் மட்டும் உங்களுக்கு, கூரையும் வெளிச்சுவரும் வெப்பமூட்டும் அமைப்பும் கவுன்சிலுக்கு என்று கேளும். கையெழுத்துக்கு முன் கட்டட நிலை அறிக்கை, மின்சாரப் பரிசோதனைச் சான்று, எரிவாயுச் சான்று, அஸ்பெஸ்டஸ் பதிவேடு நாலையும் வாங்கும். அஸ்பெஸ்டஸ் மேலாண்மைக் கடமை, குத்தகைப்படி பராமரிப்புப் பொறுப்பு யாரிடமோ அவரிடம் போய்விடும். திருத்த வேலை எதுவானாலும் கையளிக்கும் முன்பே கவுன்சிலைக் கொண்டு செய்விக்கப் பாரும். கவுன்சில் வாட் வரியைத் திரும்பப் பெறலாம், நீங்கள் அமைக்கப்போகும் அறக்கட்டளையால் முடியாது. அதே கூரைக்கு நீங்கள் 20 சதவீதம் கூடக் கட்டுவீர்கள்.

வாடகை விஷயத்தில், "சந்தை விலைக்குக் குறையச் சட்டம் விடாது" என்று யாராவது சொல்லக்கூடும். அது பாதி உண்மை. 1972-ம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்தின் 123-ம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. ஆனால் ஏழு வருடத்துக்கு மேற்படாத குத்தகைக்கு அது பொருந்தாது. நீண்ட குத்தகைக்கும், சமூக நலனுக்கானது என்றால் 20 லட்சம் பவுண் வரை விலை குறைத்துக் கொடுக்க அரசின் 2003-ம் ஆண்டுப் பொது அனுமதி இடம் தருகிறது. கட்டடத்துக்குப் பெரிய நிதி தருபவர்கள் நீண்ட குத்தகையைத்தான் எதிர்பார்ப்பார்கள். 25 வருடம் கேளும், நடுவில் உங்கள் பக்கத்துக்கு மட்டும் விலகும் உரிமையோடு.

காணி உறுதியையும் ஒருமுறை வாசிக்கச் சொல்லும். 1900-ல் மார்க் ட்வைன் திறந்துவைத்த லண்டன் கென்சல் ரைஸ் நூலகத்தின் நிலம், ஒக்ஸ்போர்ட் ஓல் சோல்ஸ் கல்லூரி நூலகத்துக்கென்று கொடுத்தது. 2011-ல் பிரென்ட் கவுன்சில் அதை மூடியதும் கட்டடம் கல்லூரிக்கே திரும்பிப் போனது. ஊர்மக்கள் விடாமல் போராடிய பிறகுதான் கீழ்த்தளத்தில் தொண்டர் நூலகம் வந்தது.

அமைப்பை இன்றே பதியத் தொடங்குங்கள். சி.ஐ.ஓ. என்ற அறக்கட்டளை வடிவம் உங்களுக்குப் பொருந்தும், நிர்வாகிகள் மேல் தனிப்பட்ட கடன் விழாது. ஆனால் அறக்கட்டளைகளைப் பதியும் அரசு அமைப்பான சரிட்டி கொமிஷன் பதிவு செய்யும் நாள் வரை சட்டத்தின் கண்ணில் அது பிறக்கவே இல்லை. குத்தகையில் கையெழுத்திட முடியாது. கையளிக்கும் திகதி வந்து பதிவு வராமல் குழுக்கள் அந்தரப்படுவது இதனால்தான். பதிவு இலக்கம் கிடைத்தவுடன் பிசினஸ் ரேட்ஸ் என்ற கட்டட வரியில் சலுகைக்கு விண்ணப்பியும். 80 சதவீதம் சட்டப்படியே கிடைக்கும். மிச்சம் 20 சதவீதம் ரேட்ஸ் அறவிடும் கவுன்சிலின் விருப்பம், அதையும் கேட்டு வாங்கலாம்.

ஆள் கணக்கை நம்பிக்கையில் போட வேண்டாம். கிழமைக்கு 20 மணி நேரம் திறப்பதென்றால் இரண்டரை மணி நேர முறைகள் எட்டு. ஒருவரைத் தனியே விடக்கூடாது, ஆகவே 16 இடங்கள். இரண்டு கிழமைக்கு ஒருமுறை வருவதைத்தான் பலர் தாங்குவார்கள், அதனால் 32 பேர். ஓகஸ்ட் விடுமுறையும் குளிர்காலக் காய்ச்சலும் சேர்த்தால் 40 பேர் வேண்டும். முறை அட்டவணை போடுவதும் வராதவருக்கு ஆள் தேடுவதுமே ஒரு வேலை. மானியத்தில் முதல் செலவு பகுதிநேர ஒருங்கிணைப்பாளருக்குப் போகட்டும். அந்தச் சுமையை ஒரு தொண்டர் தனியே சுமந்தால் ஒரு வருடத்தில் களைத்துவிடுவார், அவரோடு பாதிப் பேரும் போய்விடுவார்கள்.

நிலையான வருமானத்துக்கு டவுன் கவுன்சிலை நாடும். அவர்கள் அடுத்த வருட வரித் தொகையை ஜனவரி அளவில் முடிவு செய்வார்கள். செப்டம்பர், ஒக்டோபரிலேயே கணக்கோடு போக வேண்டும், பெப்ரவரியில் போனால் ஒரு வருடம் வீண். நஷனல் லொத்தரின் சிறு மானியம் 300 முதல் 20,000 பவுண் வரை. கவுன்சிலின் சட்டக் கடமைக்கு மாற்றாக அதைக் கேட்டால் தட்டிவிடுவார்கள், வீட்டுப்பாட உதவி, முதியோர் கணினி வகுப்பு என்று தனி வேலைக்குக் கேளும். நன்கொடையாளர் கட்டிய வருமான வரியை அறக்கட்டளைக்குத் தரும் கிஃப்ட் எயிட் பத்திரம் நிரப்பிய நன்கொடைக்குப் பவுணுக்கு 25 பென்ஸ் மேலதிகமாக வரும். உண்டியலில் விழும் 30 பவுணுக்கு உட்பட்ட சில்லறை நன்கொடைகளுக்கும், பத்திரம் இல்லாமலே, வருடம் 8,000 பவுண் வரை அதே விகிதத்தில் கேட்கலாம். பல குழுக்கள் இதைக் கேட்காமலே விட்டுவிடுகின்றன.

கவுன்சில் விட்டுக்கொடுக்க மறுத்தால், தேவை மதிப்பீட்டையும் முதியோர், மாற்றுத்திறனாளிகள் போன்றோரை முடிவு எப்படிப் பாதிக்கும் என்று சொல்லும் சமத்துவத் தாக்க அறிக்கையையும் கேளும். 2009-ல் விரல் (Wirral) என்ற இடத்துக் கவுன்சில் 11 நூலகங்களை மூடப் புறப்பட்டது. உள்ளூர்த் தேவையை மதிப்பிடவில்லை என்று அரசு விசாரணை கண்டது, திட்டம் கைவிடப்பட்டது. 2011-ல் குளொஸ்டர்ஷயர், சமர்செட் முடிவுகளைச் சமத்துவக் கடமையின் பேரில் நீதிமன்றம் ரத்துச் செய்தது. வழக்கென்றால் முடிவு எடுத்த பிறகு தாமதியாமல், எப்படியும் மூன்று மாதத்துக்குள் போட வேண்டும். அந்தத் திகதியைக் குறித்து வையும்.

குத்தகை வரைவு கைக்கு வந்தால் அனுப்பும், சட்டத்தரணிக்குப் போக முன் இருவருமாக வரி வரியாகப் பார்ப்போம். வீட்டில் எல்லாருக்கும் அன்பைச் சொல்லும்.

அன்புடன்,
பாலா