மைனஸ் 30 தாங்கும் கொடி, ஏப்ரல் பனியில் கருகியது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிறு மலரின் தோட்டப் பகுதியில், குளிர் நாட்டில் இருக்கும் நம் பிள்ளைகள் வளர்க்க ஏற்றது என்று ‘ஹார்டி கிவி’ என்ற பழக்கொடியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மைனஸ் 30 டிகிரியையும் தாங்கும், கவலையே வேண்டாம் என்று அதில் ஒரு வரி. என் மகள் வாங்கிய கன்றின் அட்டையிலும் அதே வரிதான் இருந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

ஜெலுத்தோங்கில் முப்பது வருடமாகப் பந்தல் போட்டுப் பாகலும் அவரையும் வளர்க்கிறவன் நான். உறைபனியை 2024 ஏப்ரலில், ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட் பக்கம் மகள் வீட்டில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அந்த வருடம் மார்ச்சிலேயே வெயில் அடித்ததால் கிவிக் கொடி விரல் நீளம் துளிர்த்திருந்தது. ஏப்ரல் கடைசியில் மேகமும் காற்றும் இல்லாத ஓர் இரவு. விடிந்தால் புல்லெல்லாம் வெள்ளை. துளிர்கள் அப்போது விறைப்பாகத்தான் நின்றன. வெயில் ஏறியதும் கொதிநீரில் போட்டெடுத்த கீரை மாதிரித் தொங்கின, மத்தியானத்துக்குள் கறுத்துவிட்டன. மகள் வாயே திறக்கவில்லை. நட்டு நான்கு வருடம் காத்திருந்து, இந்த முறை காய்க்கும் என்று நினைத்திருந்தாள், பாவம்.

மைனஸ் 30 என்பது இலை உதிர்த்து உறங்கும் கொடிக்கு. துளிர்த்த பிறகு மைனஸ் 2 போதும், கருக்கிவிடும். கிவி பூப்பதே அந்தந்த வருடத் துளிரில்தான். துளிர் போனால் பழமும் போச்சு. திராட்சை கொஞ்சம் பரவாயில்லை, ஒரே கணுவில் மாற்று மொட்டும் வைத்திருக்கும்.

பக்கத்து வீட்டு அம்மாள் மே 15 தாண்டும்வரை பனியை நம்பவே மாட்டாராம். மே 11 முதல் 15 வரையிலான நாட்களை அங்கே ‘பனிப் புனிதர்கள்’ என்கிறார்கள். வானம் தெளிந்திருந்தால் சாயங்காலமே பழைய போர்வையைத் தரைவரை தொங்கவிட்டு மூடி, காலையில் எடுத்துவிடுவாராம். மண்ணின் சூடு உள்ளேயே நிற்கும். அப்புறம், கருகியதை உடனே வெட்டக் கூடாது. மகள் கத்தரியோடு வந்தபோது நான்தான் தடுத்தேன். மூன்று வாரத்தில் கறுத்த துளிருக்குக் கீழே பச்சை எட்டிப் பார்த்தது.

அடுத்த முறை எழுதும்போது அந்த மைனஸ் 30-க்குப் பக்கத்திலேயே இந்த மைனஸ் 2-ஐயும் தயவுசெய்து போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
ஜெலுத்தோங், பினாங்கு