வாய்க்கால் கரையில் எங்களுக்குப் புல் ஆய்ந்து கொடுத்த ஆத்தாவுக்கு

வெள்ளகோவில், மூலனூர் பக்கத்துச் சொந்தங்களுக்கு வணக்கம்.

பசும்புல்லை நறுக்கி, காற்றுப் புகாமல் மூடிப் புளிக்க வைத்த தீவனக் குழியை நேற்றுத் திறந்தோம். ஊறுகாய்ப் புல் (சைலேஜ்) மஞ்சள் கலந்த பச்சையில், நல்ல புளிப்பு வாசத்தோடு வந்தது. பூஞ்சை இல்லை, பிசுபிசுப்பு இல்லை. மாடுகள் தொட்டியை நக்கித் தீர்த்தன. எங்கள் மேய்ச்சல் நிலமான கொரங்காடு இந்தக் கோடையில் எப்படிக் கிடந்தது என்பது உங்களுக்கே தெரியும். ஒரு உருப்படியைக்கூடச் சந்தைக்கு ஓட்டாமல் தப்பித்தோம்.

தீவனத் தட்டு நறுக்கும் மெஷினை வாடகை வாங்காமல் அனுப்பிய அண்ணன், கவுந்தப்பாடிப் பக்கமிருந்து கட்டிச் சேராத வெல்லத்தை ஏற்றிவந்த மாப்பிள்ளை, டன்னுக்கு 20 கிலோ வெல்லம், 5 கிலோ உப்பு என்று போனிலேயே கணக்குச் சொன்ன கால்நடை மருத்துவர், காற்றுப் புகாமல் குழி மிதித்த பசங்கள், தார்ப்பாய் கொடுத்தவர்கள் எல்லோருக்கும் நன்றி.

ஆனால் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வெள்ளாடு மேய்க்கும் ஆத்தாவைப் பற்றி. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நாங்கள் புல் அறுத்த வாய்க்கால் கரைதான் அவருடைய ஆடுகளுக்கு மேய்ச்சல். அதை நாங்கள் வாரிக்கொண்டு போவதைப் பார்த்தவர் ஏதாவது கேட்பார் என்று நினைத்தேன். அவரோ குவியல் பக்கத்தில் உட்கார்ந்து கொத்துக் கொத்தாகப் பிரிக்க ஆரம்பித்தார். நெய்வேலிக் காட்டாமணக்கு இலை ஒரு பக்கம், பார்த்தீனியம் ஒரு பக்கம், உண்ணிச்செடிக் கொழுந்து ஒரு பக்கம். பொழுது சாயும் வரை எழவில்லை.

"மேயறப்ப மாடே மோந்து பார்த்து ஒதுக்கிக்கும் கண்ணு. நீங்க பொடிசா நறுக்கி வெல்லத்தையும் கலந்துட்டா, அது எப்படி ஒதுக்கும்?"

நான் படித்த குறிப்புகள் எல்லாம் ஈரம் 65, 70 சதவீதம் இருக்க வேண்டும், 45 நாள் மூடி வைக்க வேண்டும் என்றுதான் சொல்லின. மக்காச்சோளத்துக்கு அது போதும், வயலில் இருப்பது ஒரே பயிர். கரைப் புல்லில் பத்து வகை கலந்திருக்கும். நெய்வேலிக் காட்டாமணக்கின் நஞ்சு புளிக்க வைத்தால் போய்விடும் என்று நம்ப முடியாது. பார்த்தீனியம் தின்றால் பால் கசக்கும்.

இன்னொன்றும் சொன்னார்: பூத்து விதை தட்டிய புல் வெறும் வைக்கோல், கதிர் தலைகாட்டும்போதே அறுக்க வேண்டும். அது முழு உண்மை. முற்றிய புல்லில் நார் ஏறி, புரதமும் சர்க்கரையும் இறங்கிவிடும். சர்க்கரை இல்லாவிட்டால் புளிப்பு சரியாக ஏறாது. காட்டுப் புல்லுக்கு வெல்லம் சேர்ப்பதே அந்தக் குறையை ஈடுகட்டத்தான். அவர் பேச்சைக் கேட்டு முற்றியதை அப்படியே விட்டோம். புரதத்துக்குச் சவுண்டல் (சுபாபுல்) மரத் தழையை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் கலந்தோம். குழியின் தரத்தில் பாதி அந்த ஒரு மாலையில் முடிவாகிவிட்டது என்றே நான் நினைக்கிறேன்.

கூலி கொடுக்கப் போனேன், வாங்கவில்லை. "ஆட்டுக்குக் கொஞ்சம் கரையை விட்டு வெச்சுட்டு அறுங்க" என்றார், அவ்வளவுதான்.

ஆத்தா, இனி மெஷினை ஓட்டுவதற்கு முன்னால் குவியலைப் பரப்பி, நீங்கள் காட்டிய மாதிரி ஆய்ந்து பார்ப்போம். உங்கள் ஆடுகள் மேயும் பக்கம் அரிவாள் வைக்க மாட்டோம். மழை இறங்கிக் கொழுக்கட்டைப் புல் தழைத்ததும், முதல் அறுப்பு பூக்கட்டும் முன்பே குழிக்குப் போகும். அதற்கப்புறம் எங்கள் கொரங்காட்டின் கிழக்குப் பக்கத்துப் படல் உங்கள் ஆடுகளுக்குத் திறந்திருக்கும். வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.